காப்பகத்துக்குக் கொடுக்கும் பணம் பலன் தருகிறதா? – வாசகர் கேள்வி பதில்

மலைத்தோட்டக் கூலித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான காப்பக உதவித்தொகை பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: அந்த உதவியால் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஆராய யார் பணம் தருவார்கள், அந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்வது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

*கோத்தகிரியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனச் செயலாளர்: சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்களுக்காக ஆறு காப்பகங்கள் நடத்துகிறோம். கட்டணத்தில் முக்கால் பங்கு எங்கள் பொறுப்பு. எங்களுக்கு நிதி தருபவர்கள் இப்போது ‘தாக்க மதிப்பீடு’, அதாவது திட்டத்தால் உண்மையில் என்ன மாறியது என்ற கணக்கு, கேட்கிறார்கள். இதற்குத் தனி ஆராய்ச்சி நிதி கிடைக்குமா?*

கிடைக்கும். ஆனால் உங்கள் பெயருக்கு நேராக வராது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வுத் திட்டங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம், கல்லூரி, ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் ஆசிரியர்கள்தான் விண்ணப்பிக்க முடியும். பணமும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கே தவணையாக வரும். ஆகவே உங்களுக்கு முதலில் தேவை ஒரு கல்லூரிக் கூட்டாளி. உதகை, குன்னூர் கல்லூரிகளின் பொருளியல், சமூகப்பணித் துறைகளில் கேட்டுப் பாருங்கள். குழந்தை வளர்ச்சியை அளக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்தின் மனித வளர்ச்சித் துறை பக்கத்தில்தான் இருக்கிறது. செலவை முடித்ததும் பயனீட்டுச் சான்றிதழை ‘ஜி.எஃப்.ஆர். 12-ஏ’ படிவத்தில் கேட்பார்கள். அதில் உங்கள் ரசீதுகளும் சேர வேண்டும் என்பதால், யார் எந்தச் செலவைச் செய்வது என்பதை முதல் நாளே கல்லூரியுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனம், ஒரு கோடி அல்லது அதற்கு மேல் செலவிட்ட திட்டங்களுக்கு வெளியார் ஒருவரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். அதற்கான செலவாக மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை கணக்கில் காட்டலாம் என்று 2022இல் விதியைத் திருத்தினார்கள். ஆறு காப்பகத் திட்டம் ஒரு கோடியை எட்டாது. அதனால் சட்டம் உங்கள் நிதியாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். விரும்பிக் கேட்பவரிடம் அதற்கான தொகையையும் கேட்கலாமே.

வெளிநாட்டு நிதி என்றால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த அமைப்பிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் இதுதான் நிலை. சென்னையில் உள்ள ஆராய்ச்சி அமைப்பு வாங்கி உங்களுக்குப் பங்கு தரும் என்ற ஏற்பாடெல்லாம் செல்லாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது.

மூன்றாவதாக அரசுத் துறையையே கூட்டாளியாக்கும் வழி. எங்களுக்குப் பிடித்தது இதுதான். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்குக் காப்பகக் கட்டணம் தருவதற்கென 1990இல் ஒரு சட்டம் வந்தது. 2014இல் அதைப் புதுப்பித்தபோது, மொத்த ஒதுக்கீட்டில் அரை சதவீதத்தை ஆராய்ச்சிக்கும் வெளியார் மதிப்பீட்டுக்கும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதன் கீழ் வந்த நல்கைகளில் ஒரு வகைக்கு, உதவித்தொகையை நிர்வகிக்கும் மாநிலத் துறைதான் விண்ணப்பதாரர். ஆராய்ச்சியாளர்கள் அதன் கூட்டாளிகள். முதல் கட்டப் பணம் திட்டமிடலுக்கு மட்டும். என்ன கேள்வி, எந்தப் பதிவேடு கிடைக்கும், ஒப்பீடு யாருடன் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் முடிவாகும். பிறகுதான் மதிப்பீட்டுக்கான பெரிய தொகை. நம் ஊரில் இந்தத் திட்டமிடல் கட்டத்துக்கு யாருமே பணம் கேட்பதில்லை. அதனால்தான் பாதி ஆய்வுகள் காப்பகம் திறந்து ஒரு வருடம் கழிந்த பிறகு ஆரம்பிக்கின்றன. தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக்குழுவும், மதிப்பீடு மற்றும் பயன்சார் ஆராய்ச்சித் துறையும் இருக்கின்றன. அங்கன்வாடிகளை நடத்தும் மாவட்ட ஐ.சி.டி.எஸ். அலுவலகம் வழியாகப் போனால் கதவு திறக்கும். கதவு திறக்க நாளாகும் என்பதும் உண்மை.

இனி உங்கள் ஆறு காப்பகங்கள். ஆறை வைத்துத் தாக்கத்தை அளக்க முடியாது, அளந்ததாகச் சொல்லவும் வேண்டாம். ஏன் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள். உங்களால் உருப்படியாகச் செய்யக்கூடியது செலவுக் கணக்கும், யார் வருகிறார்கள், யார் பாதியில் நிற்கிறார்கள் என்ற கணக்கும்தான். ஒரு காப்பகத்துக்கு மாதம் 30,000 ரூபாய் ஆகிறது, 25 பேர் பதிவு, 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். பதிவை வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 46 ரூபாய். ஆனால் சராசரியாக 16 பேர்தான் வருகிறார்கள் என்றால் அதே செலவு 72 ரூபாய். நிதியாளரிடம் 46 என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டையும் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

*குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர்: 10 காப்பகங்கள், ஒவ்வொன்றிலும் 20 குழந்தைகள், மொத்தம் 200. ஐந்து காப்பகங்களில் கட்டணச் சலுகையோடு கூடுதல் ஆசிரியை. மற்ற ஐந்தில் பழையபடி. ஓர் ஆண்டு கழித்து குழந்தைகளின் மொழித்திறனை ஒப்பிடலாம் என்று இருக்கிறேன். மாதிரி அளவு போதுமா?*

போதாது. எவ்வளவு போதாது என்பதைப் போட்டுக் காட்டுகிறோம், இந்தக் கணக்கு உங்கள் விண்ணப்பத்துக்கும் தேவைப்படும்.

முதலில், குழந்தைகளைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரித்திருந்தால் என்ன எண்ணிக்கை வேண்டும்? மதிப்பெண்ணில் 0.25 திட்டவிலக்க அளவு வித்தியாசத்தை (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), 80 சதவீத வாய்ப்போடு, 5 சதவீதப் பிழை வரம்பில் பிடிக்க வேண்டும் என்போம். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் புள்ளியியல் அட்டவணை தரும் 1.96ஐயும் 0.84ஐயும் கூட்டினால் 2.8, அதன் வர்க்கம் 7.84, அதை இரண்டால் பெருக்கி, 0.25இன் வர்க்கமான 0.0625ஆல் வகுத்தால் குழுவுக்கு 251 குழந்தைகள். இரண்டு குழுவுக்கு 502.

நீங்கள் குழந்தைகளைக் குலுக்கவில்லை, காப்பகங்களைக் குலுக்குகிறீர்கள். ஒரே காப்பகத்துக் குழந்தைகளுக்கு ஒரே ஆயா, ஒரே சாப்பாடு, பெரும்பாலும் ஒரே லைன் வீட்டுச் சூழல். ஒருவரைத் தெரிந்தால் அடுத்தவரைப் பாதி ஊகித்துவிடலாம். இந்த ஒற்றுமையை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அது 0.15 என்று வைப்போம். 20 பேர் கொத்துக்குப் பெருக்குத்தொகை, அதாவது தேவையான எண்ணிக்கை எத்தனை மடங்காகும் என்ற எண்: 1 + (19 × 0.15) = 3.85. உங்கள் 200 குழந்தைகளை 3.85ஆல் வகுத்தால் 52. அதாவது கையில் இருக்கும் தகவல் 52 தனிக் குழந்தைகளுக்குச் சமம். தேவையோ 502.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஒவ்வொரு காப்பகத்திலும் இன்னும் அதிகக் குழந்தைகளைச் சேர்ப்பது. அது உதவாது. காப்பகத்துக்கு 20 பேர் என்றால் குழுவுக்கு 49, ஆக 98 காப்பகம், 1,960 குழந்தைகள். காப்பகத்துக்கு 10 பேர் மட்டும் எடுத்தால் பெருக்குத்தொகை 2.35 ஆகக் குறைகிறது. குழுவுக்கு 59, ஆக 118 காப்பகம். குழந்தைகள் 1,180 தான். இருபது காப்பகம் கூடுகிறது, 780 குழந்தைகளைச் சோதிக்கும் வேலை மிச்சமாகிறது. ஜீப் செலவும் சோதனைச் செலவும் எது அதிகம் என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு சோதனை வைத்து, அந்த மதிப்பெண்ணும் கடைசி மதிப்பெண்ணும் 0.6 அளவுக்கு (முழுமையாக ஒத்துப்போனால் 1) ஒத்துப்போனால், தனிக் குழந்தைகளுக்கிடையே உள்ள சிதறலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடும். அதனால்தான் அடிப்படைக் கணக்கெடுப்புக்குச் செலவழிப்பது வீணல்ல.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. இங்குள்ள 320 அங்கன்வாடி மையங்களில் பாதியைக் குலுக்கித் தேர்ந்து, முன்பருவக் கல்விக்கென ஓர் அரைநாள் பணியாளரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். 18 மாதம் கழித்து மையத்தில் வைத்த சோதனையில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. அதே சோதனையை வீட்டில் வைத்துப் பார்த்தபோது முன்னேற்றம் கணக்கில் 0.13, மொழியில் 0.10 தான். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மையத்துக்கு யார் வருகிறார்கள் என்பதே திட்டத்தால் மாறலாம். வீட்டுக்குப் போய், பட்டியலில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். காப்பகத்துக்குள் மட்டும் அளக்கும் உங்கள் திட்டத்தில் இந்த ஓட்டை இருக்கிறது.

பத்துக் காப்பகம்தான் கிடைக்கும் என்றால் கேள்வியை மாற்றுங்கள். கூடுதல் ஆசிரியை வந்ததும் ஒரு நாளில் எத்தனை நிமிடம் கதை, பாட்டு, படம் நடக்கிறது என்று கடிகாரத்தை வைத்து 15 நிமிடத்துக்கு ஒரு முறை குறியுங்கள். அது பத்துக் காப்பகத்திலும் தெளிவாகத் தெரியும்.

*கூடலூரிலிருந்து ஒரு தொழிற்சங்க உறுப்பினர்: எந்தக் குடும்பத்துக்கு உதவி, எதற்கு இல்லை என்று குலுக்கல் போட்டு முடிவு செய்வது அநியாயம் இல்லையா?*

எந்த உதவி என்பதைப் பொறுத்தது. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ எஸ்டேட் நிர்வாகம் பிள்ளைக் காம்பரா (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) வைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் இப்போது 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. காப்பகக் கடமை அதிலும் இருக்கிறது. சட்டப்படி கிடைக்க வேண்டியதை ஆராய்ச்சிக்காக நிறுத்தி வைத்தால் அது அநியாயம்தான். எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்கக் கூடாது.

ஆனால் இருக்கிற இடமே 25, கேட்கிறவர்கள் 70 பேர் என்றால் யாருக்காவது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மேஸ்திரிக்கு வேண்டியவர், கவுன்சிலர் சிபாரிசு என்று முடிவாவதைவிட எல்லோர் முன்னிலையிலும் சீட்டு எடுப்பது நேர்மையானது. அடுத்த ஆண்டு புதிதாகத் திறக்கும் மையத்தில் முதலிடம் உங்களுக்கு என்று காத்திருப்போருக்கு எழுதிக் கொடுக்கலாம். படிப்படியாகத் திறக்கும் திட்டம் என்றால் எந்த ஊர் முதலில் என்பதை மட்டும் குலுக்கினால் போதும், யாருக்கும் எதுவும் பறிபோகாது.

*உதகையிலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர்: ஆய்வுக்கு வருபவர்கள் எடுக்கும் எடை, உயரம் எங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போவதே இல்லை. எங்கள் மேல்தான் பழி வருகிறது. எங்கே தவறு நடக்கிறது?*

இரண்டு பக்கமும் நடக்கும். நம் ஊரில் முதல் குற்றவாளி ஸ்வெட்டர். மார்கழி, தை உறைபனியில் கம்பளிச் சட்டை, குல்லாய், சாக்ஸ், உள்ளே இன்னொரு சட்டை என்று கட்டி அனுப்புவார்கள். அது 300 கிராம் இருந்தால் பத்துக் கிலோ குழந்தைக்கு 3 சதவீதம் கூடுதல். எடை குறைவு என்ற கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை மேலே தூக்கிவிட அது போதும். அறையைச் சூடாக்கி, மெல்லிய உள்ளாடையோடு எடுக்க வேண்டும். அம்மா சம்மதிக்கவில்லை என்றால் அதே போன்ற உடுப்பைத் தனியாக எடை போட்டுக் கழித்து, கழித்ததைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அடிப்படைக் கணக்கெடுப்பு மே மாதம், இறுதிக் கணக்கெடுப்பு ஜனவரி என்று வைத்தால் காப்பகத்தால் எடை கூடியது போலவே தெரியும். கூடியது கம்பளியாக இருக்கும்.

இரண்டாவது, தராசு வைக்கும் இடம். மண் தரை, பாய், மரப்பலகை எதுவும் ஆகாது. சமதளமான சிமென்ட் தரை வேண்டும். தினமும் காலையில் தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பை வேண்டாம், ஈரம் குடித்துக் கூடும். இரும்பு எடைக்கல் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, உயரம். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து அளக்க வேண்டும், மேலே நிற்க வைத்து. படுக்கையில் எடுத்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இரண்டு வயது தாண்டிய குழந்தை அழுகிறது என்று படுக்க வைத்து எடுத்தால் 0.7ஐக் கழிக்க வேண்டும். சிறிய குழந்தையை நிற்க வைத்து எடுத்திருந்தால் 0.7ஐக் கூட்ட வேண்டும். உங்கள் பதிவேட்டுக்கும் அவர்கள் தாளுக்கும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். படுக்கையில் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து, மற்றவர் முழங்காலை அழுத்தினால்தான் கால் நீளும். தனியாக வந்து அளக்கும் ஆய்வாளரின் எண்ணை நம்ப வேண்டாம்.

மேல்கைச் சுற்றளவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரை ஒரே கோடுதான்: 11.5 செ.மீ.க்குக் கீழே கடுமையான குறைவு, 12.5க்குக் கீழே மிதமான குறைவு. நாடாவை இறுக்கினால் அளவு குறைந்து, குறைவுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். தோல் சுருங்கக் கூடாது.

ரத்தசோகையும் பார்க்கிறார்கள் என்றால் இன்னொன்று. உதகை 2,240 மீட்டர் உயரம், கூடலூர் ஏறக்குறைய அதில் பாதி. உயரம் கூடக் கூட உடம்பு ஹீமோகுளோபினை இயல்பாகவே ஏற்றிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் உயரத் திருத்தத்தைக் கழிக்காமல் ஒப்பிட்டால் உதகைப் பிள்ளைகள் கூடலூர்ப் பிள்ளைகளைவிட ஆரோக்கியமாக இருப்பதாகப் பொய்க் கணக்கு வரும். பழியை உங்கள் தலையில் போடுவதற்கு முன் இந்தத் திருத்தம் போட்டார்களா என்று கேளுங்கள்.

*பந்தலூரிலிருந்து ஒரு சுயஉதவிக் குழுத் தலைவி: ஆய்வுக்காரர்கள் “வேலைக்குப் போகிறீர்களா?” என்று கேட்கிறார்கள். எல்லோரும் ஆமாம் என்கிறோம். காப்பகம் வந்தால் என்ன மாறியது என்று இதில் எப்படித் தெரியும்?*

தெரியாது. கேள்வியே தவறு, சகோதரி. தோட்ட வேலையில் மாறுவது போகிறோமா இல்லையா என்பதல்ல, மாதத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி என்பதுதான்.

எஸ்டேட்டில் இதற்கு விலைமதிப்பில்லாத பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது: செக்ரோல். ஒவ்வொரு பெண்ணின் அன்றாட வருகையும் பறித்த கிலோவும் அதில் இருக்கும். தொழிலாளியின் எழுத்துச் சம்மதமும் நிர்வாகத்தின் அனுமதியும் வாங்கினால், காப்பகம் திறப்பதற்கு முந்தைய இரண்டு வருடமும் பிந்தைய வருடமும் கையில் வந்துவிடும். யார் நினைவையும் சோதிக்க வேண்டியதில்லை. இதில் கிலோவை நம்பாமல் நாளை நம்புங்கள். கவாத்து வெட்டிய ஃபீல்டில் மாதக்கணக்கில் இலை இருக்காது. பக்கத்து ஃபீல்டில் அள்ளிக் கொட்டும். அந்த வித்தியாசத்துக்கும் காப்பகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. உறைபனிக் காலத்தில் எல்லோருக்கும் வேலை குறையும் என்பதால் ஒரே மாதத்தோடு ஒரே மாதத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

சிறு விவசாயிகளிடம் கூலிக்குப் போகிறவர்களுக்குச் செக்ரோல் கிடையாது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களுக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எட்டவில்லை. பிள்ளைக் காம்பரா இல்லாததும் அதனால்தான். இவர்களிடம் நேற்றிலிருந்து பின்னோக்கி ஏழு நாள், நாள் நாளாக, யார் தோட்டம், எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன கூலி என்று கேட்க வேண்டும். கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள் விடியுமுன் இருட்டிலேயே பிக்கப் வண்டியில் ஏறிவிடுவார்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம் அவர்களுக்கு இருந்தும் இல்லாததுதான். பணம் எவ்வளவு கொடுத்தாலும் நேரம் பொருந்தாவிட்டால் பலன் பூஜ்யமாகத்தான் வரும். ஆகவே கணக்கெடுப்பில் காப்பகம் திறக்கும் நேரமும், வேலைக்கு ஏறும் நேரமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள்: குழந்தையை இதுவரை யார் பார்த்துக்கொண்டார்? பல வீடுகளில் விடை பத்து, பன்னிரண்டு வயது அக்காவாக இருக்கும். காப்பகத்தின் பெரிய பலன் அம்மாவின் கூலியில் தெரியாமல் அக்காவின் பள்ளி வருகையில் தெரியலாம். பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையப் பதிவேட்டில் வருகைப் பதிவு அதற்கு உண்டு.

*கட்டபெட்டிலிருந்து ஒரு வாசகர்: காப்பகம் எதற்கு, அந்தப் பணத்தைத் தாயின் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?*

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. அது வேறு நோக்கத்துக்கு. காப்பகத்துக்கென்றே கொடுத்த உதவியைப் பற்றிக் கேட்டால், கென்யாவின் நைரோபி குடிசைப் பகுதி ஒன்றில் குலுக்கல் முறையில் கட்டண உதவி பெற்ற தாய்மார்களில் வேலையில் இருந்தவர்களின் பங்கு, பெறாதவர்களைவிட 8.5 சதவீதப் புள்ளி அதிகம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள், வருமானம் குறையாமல், ஒழுங்கான நேரமுள்ள வேலைக்கு மாறிக்கொண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் காப்பகம் தொடங்கியது. தாய்மார் வேலைக்குப் போவது கூடியது. ஆனால் 2008இல் வெளிவந்த ஆய்வு, குழந்தைகளின் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகச் சொன்னது. அங்கே அவசரமாக இடங்களைப் பெருக்கியதால் தரம் பின்தங்கியதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆகவே அம்மாவின் வேலையை மட்டும் அளந்துவிட்டு வெற்றி என்று அறிவிக்கும் ஆய்வை நாங்கள் ஏற்பதில்லை. பணமாகவே கொடுத்தாலும் ஊரில் நல்ல காப்பகம் இல்லாவிட்டால் அதை எங்கே கொண்டு போய்க் கட்டுவது?

*தாண்டிக்குடியிலிருந்து ஒருவர்: எங்கள் பகுதியில் கட்டணச் சலுகை ஆரம்பித்து ஒரு வருடம் ஓடிவிட்டது. அடிப்படைக் கணக்கெடுப்பு எடுக்கவில்லை. இனி ஆராய வழியே இல்லையா?*

இருக்கிறது, கொஞ்சம் வலுக் குறைவாக. காத்திருப்புப் பட்டியலைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தவர்கள் என்றால் அதுதான் உங்கள் ஒப்பீட்டுக் குழு. தேர்வு எப்படி நடந்தது என்று மட்டும் துருவிக் கேளுங்கள்.

வருமான வரம்பைப் பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். தேசியக் காப்பகத் திட்டத்தில் மாதக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே 20 ரூபாய், மாத வருமானம் 12,000 வரை 100, அதற்கு மேல் 200 என்று இருந்தது. 11,900 சம்பாதிப்பவரும் 12,100 சம்பாதிப்பவரும் மற்றபடி ஒன்றுதான், ஆகவே கோட்டின் இரு பக்கத்தையும் ஒப்பிடலாம் என்பது யோசனை. காகிதத்தில் அழகு. கூலிக் குடும்பத்துக்கு வருமானச் சான்றிதழ் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்குச் சிக்கல் புரியும்: எல்லோரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து உட்கார்ந்திருப்பார்கள். 500 ரூபாய்க்கு ஒரு கட்டமாக எண்ணிப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே திடீரென்று குவியல் இருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள்.

வெறுமனே முன்னும் பின்னும் ஒப்பிடாதீர்கள். 2024இல் மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் மலைப்பகுதிக்கும் வந்தது. அதனால் வேலைக்குப் போனவர்களையும் உங்கள் காப்பகக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். சலுகை வராத பக்கத்து ஊரிலும் அதே காலத்து மாற்றத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

*மஞ்சூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி: 600 குடும்பம், இரண்டு சுற்று. எவ்வளவு பட்ஜெட் போடலாம்?*

சமவெளிக் கணக்கைப் போடாதீர்கள், அதில்தான் எல்லோரும் கவிழ்கிறார்கள். சமவெளியில் ஒருவர் நாளுக்கு எட்டு வீடு பார்ப்பார் என்று வைத்தால், இங்கே நான்குதான். அம்மா வீடு திரும்ப மாலை ஐந்தாகும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருட்டிய பின் யானை நடமாட்டத்தில் ஆளை அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் கைகொடுக்கும். 1,200 நேர்காணலுக்கு 300 ஆள்-நாள். ஆளுக்கு 900 ரூபாய் வீதம் 2,70,000. ஆறு பேருக்கு இரண்டு ஜீப், 50 நாள், ஒரு ஜீப்புக்கு நாளுக்கு 3,000 என்றால் 3,00,000. நாளுக்கு எட்டு வீடு என்று போட்டிருந்தால் இந்த இரண்டிலும் பாதி, அதாவது 2,85,000, துண்டு விழும்.

களப் பொறுப்பாளர் 14 மாதம், மாதம் 30,000: 4,20,000. டேப், தராசு, உயரப் பலகை 1,20,000. பயிற்சியும் முன்னோட்டமும் 80,000. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பி ஐந்தாறு கேள்வியை மீண்டும் கேட்டுச் சரிபார்க்க 50,000. இதை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். வீட்டுக்குப் போகாமலே டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் இதில்தான் பிடிபடும். மொழிபெயர்ப்பு, அச்சுக்கு 30,000. வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியில் கேட்க ஆள் வேண்டும். பணியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு அவர்களிலிருந்தே ஒருவரை எடுங்கள். இதுவரை 12,70,000. நிறுவன மேல்செலவு பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 14 லட்சம். கூலி, வாடகை உங்கள் பகுதியில் மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

சிக்னல் இல்லாத இடங்களுக்குக் கோபோ டூல்பாக்ஸ் போன்ற, இணையம் இல்லாமலும் ஓடும் செயலி போதும், இலவசமாகவே கிடைக்கும்.

*அரவேனுவிலிருந்து ஒரு வாசகி: முடிவு சாதகமாக இல்லை என்றால் அறிக்கையைப் பூட்டி வைத்துவிடுவார்களே?*

நடக்கும். அதற்கு மருந்து ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது, அறிக்கை வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. துறையுடனோ நிறுவனத்துடனோ போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், வரைவைப் பார்க்க அவர்களுக்கு 45 நாள், பிழை சுட்டலாம், வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பலனை அளக்கப் போகிறீர்கள் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே பொதுப் பதிவேடு ஒன்றில் தேதியுடன் பதிந்துவிடுங்கள். குழந்தைகளைப் பற்றிய ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழு அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் எப்படியும் வேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். மேஸ்திரியைச் சாட்சியாக்காதீர்கள், அவர் நிற்கும்போது யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள்.